விரலுக்கு வந்த தமிழ்

புதுவை நகரின் பழைய தெருக்களில் நடப்போர், தெருமுனைச் சுவர்களில் நீலநிறப் பெயர்ப் பலகைகளைக் காண்பர். தெருவின் பெயர் அவற்றில் பிரெஞ்சு மொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கும். பிரெஞ்சுக்காரர் 1674-ஆம் ஆண்டில் காலூன்றிய நகரம் அது. 1954 நவம்பர் முதல் நாள் அவர்தம் ஆட்சி நீங்கிற்று. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டமுறைப்படி புதுவை இந்தியாவோடு இணைந்தது. ஆட்சி அகன்ற பின்னும் எழுத்து நின்றது. ஆயினும், பிரான்சில் தோன்றித் தமிழகம் வந்தடைந்த எழுத்து வேறொன்றும் உண்டு. அது சுவரில் எழுதப்படுவதன்று; கண்ணுக்காக அமைந்ததும் அன்று. கண்ணொளி இழந்த குழந்தையின் விரல்நுனிக்காக அமைந்த புள்ளியெழுத்தே அது. பிறநாடு சென்று குழந்தைகளுக்குப் படிப்பறிவு ஊட்ட விழைவோர் அனைவரும் அதன் வரலாற்றை அறிதல் நன்று.

பாரிசு நகரில் வாலன்டின் ஹவுய் என்னும் பெரியார் வாழ்ந்தார். சந்தை ஒன்றில் பார்வையற்றோரை வேடிக்கைப் பொருளாக்கி மக்கள் நகைத்தமை கண்டு அவர் உள்ளம் நைந்தது. 1785-ஆம் ஆண்டளவில் அத்தகையோர்க்கெனப் பள்ளி ஒன்றை நிறுவினார். தாளின்மேல் எழுத்துகளைப் புடைத்து நிற்கச் செய்து, தடவிப் படிக்கக் கற்பித்தார். பின்னர், அறுபது வயது கடந்த நிலையில், 1806-ஆம் ஆண்டு உருசியப் பேரரசரின் அழைப்பை ஏற்று அந்நாடு சென்று, பத்தாண்டுகளுக்கு மேல் தங்கிப் பார்வையற்றோர் கல்விக்கு உழைத்தார். பிறநாட்டுக் குழந்தைகளுக்காகத் தாய்நாடு நீங்கிய அவருடைய அருளுள்ளம் போற்றத்தக்கது. எனினும் அவரது முறையில் ஒரு குறை இருந்தது. அவர் அளித்தவை கண்ணுடையார் எழுத்துகளே. வளைவும் சுழியும் கண்ணுக்கு எளியவை; விரலுக்கு அரியவை. ஒரு சொல்லைத் தடவி முடிப்பதற்குள் முன்சொல் மறந்துபோகும். மாணவர் தாமே எழுதிப் பழகவும் அம்முறை எளிதில் இடந்தரவில்லை.

அக்குறையை நீக்கியவர் அப்பள்ளியிலேயே பயின்ற ஒரு மாணவர். அவரே லூயி பிரெயில். அவர் 1809-ஆம் ஆண்டு கூவ்ரே என்னும் சிற்றூரில், சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கருவி ஒன்று கண்ணிற் பாய்ந்தது. அப்புண்ணின் தீங்கு மற்றக் கண்ணையும் பற்றிற்று. பத்து வயதில் பாரிசுப் பள்ளியிற் சேர்ந்தார். சார்ல் பார்பியே என்னும் படைத்துறையாளர் வகுத்த பன்னிரு புள்ளி முறை அங்கு அவர் கைக்கு எட்டியது. பன்னிரண்டு புள்ளிகளை ஒரு விரல்நுனி ஒருங்கே உணரமாட்டாது என்பதை அவர் விரலே அவருக்கு உணர்த்திற்று. ஆகவே புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் அந்த ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள் அமையும். பதினைந்து வயதில் கண்ட அம்முறையை 1829-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1852-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அதன்பின் ஈராண்டு கழித்தே பிரான்சு அதனை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஹவுய் கண்ணின் எழுத்தை விரலுக்குக் கொடுத்தார். பிரெயில் விரலுக்கு உரிய எழுத்தையே படைத்தார். கற்பிப்போர் தமக்கு எளியதை அன்று, கற்போர்க்கு எளியதையே நாடவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அருளுள்ளம் கொண்டோர் தமிழகத்திற்கும் கடல் கடந்து வந்தனர். 1890-ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் புளோரன்சு சுவைன்சன் அம்மையார் அவ்வூரிலேயே காது கேளாத குழந்தைகளுக்கெனப் பள்ளி கண்டார். அவ்விருவர் ஏற்றிய விளக்குகள் அவர்கள் காலத்தோடு அணைந்துவிடவில்லை. அங்கு அக்கல்வி இன்றும் நடைபெற்று வருகின்றது.

இந்திய மொழிகளுக்கெனப் புள்ளியெழுத்து முறைகள் பல தோன்றி மயக்கம் விளைத்த காலமும் இருந்தது. 1951-ஆம் ஆண்டில் அவற்றுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அம்முயற்சிக்குத் துணைநின்றோருள் ஒருவர் நியூசிலாந்து நாட்டினரான குளூத்தா மெக்கன்சி. அவர் 1915-ஆம் ஆண்டு கலிப்போலிப் போரில் கண்ணிழந்தவர். அம்முறையில், பிரெஞ்சு முதலெழுத்துக்குப் பிரெயில் அமைத்த ஒற்றைப் புள்ளியே தமிழில் அகரமாயிற்று. 'கொ' என்பதை அச்சிடுங்கால் கொம்பு முன்னும், கால் பின்னும் அமையக் ககரம் நடுவில் நிற்கும். புள்ளியெழுத்திலோ ககரம் முன்னும் ஒகரம் பின்னுமாக, ஒலிக்கும் முறைப்படியே வரும். அயல்நாட்டுப் புள்ளி இவ்வாறு தமிழின் இயல்புக்கு அடங்கித் தமிழாகவே ஆகிவிட்டது.

இன்று புதுவையின் பிள்ளைச்சாவடியில், பார்வைக் குறையும் கேட்புக் குறையும் உடைய சிறார்க்கு அரசின் சிறப்புப் பள்ளி இருக்கின்றது. நகரின் சிறப்புப் பள்ளிகளில் தொண்டாற்ற அயல்நாட்டு இளைஞர் சிலர் வருவதும் உண்டு. கண் நன்கு தெரிந்தும் எழுத்துகள் மயங்குவதால் படிக்க இடர்ப்படும் குழந்தைகளும் நாட்டில் உளர். அறிவிற் குறைந்தோர் என அவர்களை எண்ணுதல் பெருந்தவறு. எழுத்தைக் கண்ணாற் காட்டியும், ஒலியைக் காதாற் கேட்பித்தும், மணலில் விரலால் வரைவித்தும் பன்முறை பழக்கினால் அவர்களும் படிப்பர்.

அயல்நாட்டிலிருந்து வரும் ஆசிரியை ஒருத்திக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு எளிதில் வாராது. அவள் நாத்தடுமாறும்போது குழந்தை நகைத்துத் திருத்தும். பள்ளியில் என்றும் பின்தங்கியதாகக் கருதப்பட்ட குழந்தை அன்று ஆசிரியர் ஆகின்றது; ஒன்றை அறியாமல் இடர்ப்படுதல் எத்தகையது என்பதை ஆசிரியையும் உணர்கின்றாள். இதனினும் சிறந்த தொடக்கம் கல்விக்கு வேறில்லை. ஆனால் அத்தகையோர் சில திங்களே தங்குவர். இனிய பாட்டும் பரிசுப் பொருளும் மட்டுமே தந்து சென்றால், அவர் சென்றபின் குழந்தைக்கு எஞ்சுவது பிரிவுத்துயர் ஒன்றே. அவ்வூர் ஆசிரியரோடு உடன்நின்று உழைத்து, குழந்தை தன் தாய்மொழியில் தானே ஒரு வரி படிக்குமாறு செய்து சென்றால், அவ்வரி அக்குழந்தையை விட்டு என்றும் நீங்காது.

மாணவர்களே! இத்தகைய கல்வி இரக்கத்தால் இடும் பிச்சை அன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வைக் குறை, கேட்புக் குறை, கற்றல் குறைபாடு முதலிய 21 வகைகளைக் குறித்து, அவர்களுக்கு ஏற்ற கல்வியை உரிமை என வகுத்துள்ளது. கடல் கடந்து வருவோர்க்கே இத்தொண்டு உரியது என்று எண்ண வேண்டுவதில்லை. உங்கள் வகுப்பிலேயே ஒருவன் பாடநூலின் ஒரு வரியில் நெடுநேரம் திகைத்து நிற்கக்கூடும். அவன் அவ்வரியைக் கடக்கும்வரை, நகையாது, விரையாது, அவன் அருகில் அமர்ந்திருப்பீர்களாக.