முதல் வடிவம் யாது?

தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களை ஆராய வேண்டியவனுக்கு எஞ்சினோடும் சக்கரத்தோடும் யாது தொடர்பு என்று விடுதி அன்பர் ஒருவர் என்னை வினவியதும் உண்டு. ஆயினும், இத்தாலி தேசத்துப் பந்தய மோட்டார் ஒன்றின் வரலாற்றைச் சென்ற விடுமுறையிற் படித்தபின், பழம்பொருளை முதல் வடிவுக்கு மீட்கும் தொழிலில் சுவடி பதிப்பிப்போர்க்கும் மோட்டார் செப்பனிடுவோர்க்கும் நேரும் இடர் ஒன்றே என்று எனக்குத் தோன்றலாயிற்று.

'375 எம்.எம்.' என்பது பெராரி தொழிற்சாலையார் 1953 முதலாகச் சில ஆண்டுகளே செய்த பந்தய வண்டி. எம்.எம். என்பன 'மில்லே மில்யா' என்னும் ஆயிர மைல் பந்தயத்தின் முதலெழுத்துக்கள். பன்னிரண்டு சிலிண்டர்களும் நாலரை லிட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சின். அதற்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து ஊட்டும் வெபர் கார்புரேட்டர்கள் மூன்று. இவ்வினத்தில் முப்பது வண்டிகள்கூடச் செய்யப்படவில்லை. அவற்றுள் 1954-ஆம் ஆண்டு வண்டி ஒன்றைப் பெற்றவர் ரொபர்ட்டோ ரொசெல்லினி. 'ரோம், திறந்த நகரம்' என்னும் 1945-ஆம் ஆண்டுப் படத்தால் உலகறிந்த டைரக்டர் அவர். பின்னாளில் நம் நாட்டுக்கு வந்து இந்தியாவைப் பற்றிப் படமெடுத்து 1959-இல் வெளியிட்டவரும் அவரே.

இங்கு ஒன்றை அறிதல் வேண்டும். அக்காலத்துப் பெராரி தொழிற்சாலையில் வண்டி முழுதும் உருவாவதில்லை. சட்டமும் எஞ்சினும் சக்கரமும் மரனெல்லோ என்னும் ஊரில் ஒன்றுசேர்க்கப்படும். மேலுடல் வேறிடத்துக் கம்மியரால் அமைக்கப்படும். ரொசெல்லினியின் வண்டிக்குத் துரின் நகரத்துப் பினின் பரீனா பட்டறையார் மேற்கூரையில்லாத உடல் ஒன்றை முதலில் அமைத்தனர். வண்டி விபத்துக்குள்ளாயிற்று. அதன்பின் அவர் அதனை மோதெனா நகரத்துச் செர்ஜியோ ஸ்காலியெத்தியிடம் அனுப்பினார். ஸ்காலியெத்தி பழைய உடலைத் திரும்பச் செய்யாமல், கூரையோடு கூடிய புதிய உடல் ஒன்றை அலுமினியத் தகட்டால் அடித்துப் பொருத்தினார்.

பல ஆண்டுகள் கழிந்து, 1995-இல், மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைவராயிருந்து ஓய்வு பெற்ற ஜான் ஷெர்லி என்னும் அமெரிக்கர் அவ்வண்டியை வாங்கி மீட்கத் துணிந்தார். எவ்வடிவுக்கு மீட்பது? முதல் வடிவமே வேண்டுமெனின், பினின் பரீனாவின் திறந்த உடலையன்றோ செய்தல் வேண்டும்? அவ்வாறு செய்தால் ஸ்காலியெத்தியின் கைவேலை அழிந்துபடும். அவர் ஸ்காலியெத்தியின் வடிவத்தையே தேர்ந்தார். 2014-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பெபிள் பீச்சு என்னுமிடத்தில் நிகழ்ந்த கண்காட்சியில் எல்லா வண்டிகளுக்கும் மேலான முதற்பரிசு அதற்குக் கிடைத்தது. 1968-க்குப் பின் உலகப் போருக்குப் பிற்பட்ட வண்டியொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. பெராரி ஒன்று பெற்றதும் அதுவே முதன்முறை. ஸ்காலியெத்தி அதனைக் காண இருந்திலர், 2011-இலேயே காலமாயினார்.

இனி, மீட்கும் வேலையின் அருமையைச் சிறிது கூறுவேன். அலுமினியத் தோலும் அதனைத் தாங்கும் இரும்புக் குழாயும் தொடும் இடங்களில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஆதலால் வெளியே பளபளக்கும் உடலின் உள்ளே நைந்த சல்லடையைக் காண்பதும் உண்டு. எந்நிறம் முதலில் பூசப்பட்டது என்பதை அறிய, கதவின் கீல் மறைவிலும் கருவிப் பலகையின் பின்புறத்திலும் பூச்சை ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டிப் பார்ப்பர். சட்டத்திலும் எஞ்சினிலும் வெட்டிய எண்களைத் தொழிற்சாலைக் குறிப்போடு ஒப்புநோக்குவர். பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி ஆணியின் தலை எத்தன்மையது என்றும் ஆராய்வர். இவையெல்லாம் பொறுமையுள்ளவர்க்கு ஆகும். யாவற்றினும் கடினம், கைக்கு வந்த திறமையை அடக்கிக்கொள்வதே. அந்நாளைய கம்மியர் மணல் மூட்டைமேல் தகட்டை வைத்துச் சுத்தியால் தட்டிக் கண்ணளவாற் செய்தமையால் வலப்புறமும் இடப்புறமும் முற்றும் ஒவ்வா. கதவிடுக்கும் எங்கும் ஒரே அகலமாயிராது. இக்காலத்துக் கம்மியர்க்கு அதனைச் சரியாக்கிவிடுதல் எளிது. ஆனால் சரியாக்கிய வண்டி அன்று வெளிவந்த வண்டியன்று. தேர்ந்த நடுவர்கள் இத்தகைய மிகைச் செம்மையைக் குற்றமென்றே கொள்வர். செய்யுளில் தளை தட்டுகின்றதென்று தன் சொல்லைப் புகுத்தித் திருத்தும் பதிப்பாசிரியனை நம் பேராசிரியர்கள் யாது சொல்வர் என்பதை வகுப்பிற் கேட்டவர் அறிவர்!

பழைய வண்டிச் சங்கங்களின் உலகப் பேரவை 2012-இல் ஏற்ற துரின் சாசனமும், வண்டி தன் வாழ்நாளிற் பெற்ற மாற்றங்களும் வரலாற்றின் பகுதியே என மதிக்கின்றது. புதிதாகச் சேர்க்கும் உறுப்புக்கள் இன்னவை எனத் தெரிதல் வேண்டும் என்றும் கேட்கின்றது. இதனைப் படித்தபோது எனக்கு ரொசெல்லினி மறந்து, எங்கள் வீட்டு வண்டி நினைவுக்கு வந்தது.

அது பந்தய வண்டியன்று. எனினும் அதன் குலமும் இத்தாலியே. பியட் கம்பெனியின் உரிமை பெற்றுப் பம்பாயிற் செய்யப்பட்ட 1100 என்னும் வண்டி. என் தாத்தா 1968-இல் வாங்கியது. அவ்வண்டிக்குக் கியர் மாற்றும் தண்டு ஸ்டீயரிங்கின் அருகே இருப்பது வழக்கம். தாத்தாவுக்கு முதுமையில் இடத்தோள் இறுகிக் கை மேலெழாமற் போனபோது, பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமன் அத்தண்டைக் கீழே தரையில் அமைத்துக் கொடுத்தார். தாத்தா அதன்பின் ஆறாண்டு அதனை ஓட்டினார். இப்பொழுது என் பெரியப்பா அவ்வண்டியைப் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கு அனுப்ப எண்ணி, "கம்பெனியில் வந்தது எப்படியோ அப்படியே ஆக்கித் தர வேண்டும்" என்று மாமாவிடம் ஒப்புவித்திருக்கிறார்.

மாமா எஞ்சினை இறக்கினார், துருவேறிய தரைத்தகட்டை மாற்றினார், நிறமும் பூசினார். கியர் தண்டை மட்டும் தொடவில்லை. நான் ஸ்காலியெத்தியின் கதையை விரிவாகச் சொன்னேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்தவர், "மருமகனே, அந்தத் துரை வண்டியில் இரண்டாவது உடலைச் செய்தவன் பேர் பெற்றவன், வைத்துக்கொண்டார்கள். நான் செய்ததை யார் வைத்துக்கொள்வார்?" என்றார்.

"தாத்தாவுக்காகச் செய்தது அல்லவா, மாமா?" என்றேன்.

"அது உனக்கும் எனக்கும் தெரியும். பரிசு கொடுக்க வருகிறவருக்குத் தெரியுமா?"

பெரியப்பா கேட்பதும் அநியாயமன்று. வண்டி அவருக்கு உரியது. தாம் சிறுவனாயிருந்தபோது கடையிலிருந்து வந்த நாளில் அது எவ்வாறு இருந்ததோ அதனையே மீண்டும் காண விரும்புகிறார். நான் கண்டதோ தாத்தாவின் கை தரையிலிருந்த தண்டைப் பற்றியிருந்த காட்சி மட்டுமே. எங்கள் இருவருள் எவர் முதல் வடிவத்தை அறிந்தவர் என்று கேட்டால், அவரே என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் என் மனம் மாமாவின் பக்கமே சாய்கின்றது. பெரியப்பாவுக்கு அவ்வாறே கடிதமும் எழுதியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.

கழற்றிய பழைய தண்டை மாமா எறிந்துவிடவில்லை. எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றிப் பட்டறைப் பரணில் இத்தனை ஆண்டும் வைத்திருக்கிறார். ஓர் ஆணியும் குறையாமல் அங்கேயே கிடக்கிறது.