நீர் குறைந்த குளமும் நினைவகம் குறைந்த கணனியும்

மன்னார்ப் பெருநிலத்தில், முருங்கனுக்கு அண்மையில் பரந்து கிடக்கும் கட்டுக்கரைக்குளம், அருவியாற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டின் வழியே பெறுவது. மாரி பொய்க்காத ஆண்டில் காலபோகத்துக்கு நீர்க்கவலை அதிகமில்லை. சிறுபோகம் அத்தகையதன்று, மழை ஓய்ந்தபின் குளத்தில் எஞ்சியதே அதற்கு முதல். ஆதலின் விதைப்புக்கு முன்னரே அதிகாரிகளும் கமக்காரரும் கூடி, நீரின் அளவை நோக்கி, இத்தனை ஏக்கரே விதைப்பது என வரையறுக்கின்றனர். வயல் முழுவதற்கும் நீர் தருவதாக வாக்களித்துவிட்டு, கதிர் பறியும் வேளையில் எவனுடைய பயிரைக் காயவிடலாம் என்று ஆராய்வது அங்கு முறையன்று.

கணனியின் நடைமுறையோ ஏறத்தாழ அதுவேயாகும். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய ‘கேர்னல்’, நிரல்கள் கேட்கும் நினைவகத்தை, கைவசம் உள்ளதா என்று கண்டிப்பாகக் கணக்கிடாமலே பெரும்பாலும் வழங்க இசைந்துவிடுகிறது. இசைவு வேறு, கொடுப்பது வேறு. நிரல் ஓரிடத்தில் உண்மையாக எழுதத் தொடங்கும்போதே அவ்விடத்துக்குரிய பக்கம் ஒதுக்கப்படுகிறது. கேட்டதனைத்தையும் எவரும் பயன்படுத்துவதில்லை என்ற அனுபவமே இத்துணிவுக்கு ஆதாரம். பெரும்பாலான நாட்களில் அது பொய்ப்பதுமில்லை.

பொய்க்கும் நாளில் கேர்னல் முதலில் சிக்கனம் பிடிக்கிறது. வட்டிலிருந்து மீண்டும் படிக்கக்கூடிய பக்கங்களைக் கைவிடுகிறது; ஏனையவற்றுட் சிலவற்றை வட்டுக்கு அனுப்புகிறது. பக்கங்களை மாற்றி மாற்றி ஏற்றியிறக்குவதிலேயே கணனியின் காலமெல்லாம் கழியும் அவலத்தைப் பீற்றர் டெனிங் 1968இலேயே ஆராய்ந்தார். அதற்கும் அப்பால் வழியில்லையெனில், இயங்கும் நிரல்களுள் ஒன்று பலியாகவேண்டும். அதனைத் தெரிவுசெய்யும் பகுதியை 1998 அளவில் எழுதியவர் ரிக் வான் ரீல். அவர் வகுத்த விதி நெடுநேரம் உழைத்த நிரலுக்குச் சற்று இரக்கம் காட்டியது. 2010இல் அவ்விதி திருத்தப்பட்டபோது அவ்விரக்கம் நீங்கிற்று. பெரும்பாலும் எது மிகுதியான நினைவகத்தைக் கொண்டுள்ளதோ அதுவே பலி. அதற்கு அனுப்பப்படும் 9ஆம் இலக்கச் சைகையை எந்த நிரலும் மறுக்கமுடியாது. சேமிக்காத எழுத்தெல்லாம் அக்கணமே அழிந்துபோம்.

இங்கேதான் நியாயம் இடறுகிறது. மிகுதியான நினைவகத்தைக் கொண்டது பலவேளைகளில் தரவுத்தளமாகவே இருக்கும். எதன்பொருட்டு அக்கணனி வாங்கப்பட்டதோ அதுவே மாள்கிறது. இறுதித் துளியைக் கேட்ட சிறுநிரல் தப்பிவிடுகிறது.

கமக்காரரின் வழி கேர்னலுக்குத் தெரியாததன்று. வாக்குறுதிகளுக்கே வரம்பு கட்டும் ஓர் அமைப்பும் அதில் உண்டு. எனினும் அதனை நாடுவோர் சிலரே. வரம்பு கட்டினால் நினைவகம் வெறுமையாய்க் கிடக்கும்போதே கேட்டவருக்கு மறுப்பு நேரலாம்; ‘இல்லை’ என்ற விடையை ஏற்று நடக்கப் பல நிரல்கள் பழகவுமில்லை. மேலும், நெல்லுக்கு எத்தனை நாள் நீர் வேண்டுமென்பது கமக்காரனுக்குத் தெரியும். ஒரு நிரல் நாளை எவ்வளவு கேட்கும் என்பது கேர்னலுக்குத் தெரியாது. அவ்வகையில் அதன்மேல் முழுப்பழி சுமத்துதல் தகாது.

பொறியியலாளர் இதற்கொரு குறுக்குவழி காண்பதுண்டு. தரவுத்தளத்துக்கு -1000 என்ற எண்ணைக் குறித்துவிட்டால் அதனைக் கேர்னல் தீண்டாது. ஆனால் நினைவகத்தை விழுங்குவது அத்தரவுத்தளமேயாயின், சுற்றியுள்ள நிரல்கள் ஒவ்வொன்றாக மாளும். கொல்வதற்கு எதுவும் எஞ்சாத நிலையில் கேர்னலே நின்றுவிடும்.