மூன்று பீப்பாய்களைச் சுற்றி

குடும்பப் பத்திரிகையில் குதிரைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் ஒரு சாராருக்கு வழங்கும் இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரரைக் குறித்த சொல்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகக் காயல் துறையில் வந்து இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். அவற்றைப் பேணும் முறை இங்குள்ளோருக்குத் தெரியாமையால் பல குதிரைகள் மாண்டன என்றும் அவர் குறிப்பிடுகிறார். வாங்குவது வேறு, வளர்ப்பது வேறு என்னும் பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

நான் குதிரையோடு வளர்ந்தவன். என் அத்தா, மர்ஹூம், பழனியில் குதிரை வண்டி ஓட்டினார். பேருந்து நிலையத்திலிருந்து மலை அடிவாரம் வரை பக்தர்களை ஏற்றிச் செல்வது அவர் தொழில். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் வரும் வருமானத்தில்தான் எங்கள் வீட்டுப் பெருநாள் துணிகள் வாங்கப்பட்டன. கொள்ளு ஊற வைப்பதும், குளம்பைத் தூக்கி இடுக்கில் சிக்கிய கல்லை எடுப்பதும், மாலையில் சேணம் இல்லாத வெறும் முதுகில் ஏறிக் குதிரையைத் தண்ணீருக்கு ஓட்டிச் செல்வதும் என் பள்ளிப் பருவத்து அன்றாடக் கடமைகள். பின்னர் நான் கல்லூரியில் வரலாறு படித்தேன். இன்று மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். எனினும் குதிரையின் வாடை இன்றும் எனக்கு வீட்டின் வாடைதான்.

இந்த முன்னுரைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகருக்கு அருகில் என் அக்கா மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். அவருடைய பதினொரு வயது மகள், அண்டை வீட்டாரின் பண்ணையில் மூன்று ஆண்டுகளாகக் குதிரையேற்றம் பயின்று வருகிறாள். சென்ற ஆண்டு, பீப்பாய்ப் பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். தந்தைக்குத் தயக்கம். பழனியில் இருக்கும் பாட்டிக்கோ, அதாவது என் அக்காவுக்கோ, கடும் எதிர்ப்பு. “மாமா, நீங்கள் ஓதியவர், குதிரையும் அறிந்தவர். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்” என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார் அந்தப் பிள்ளை.

அறியாத ஒன்றைப் பற்றி ஆம் என்பதும் தவறு, இல்லை என்பதும் தவறு. ஆகவே அந்தப் பந்தயம் இன்னதென்று முதலில் கற்றேன். கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் கால்நடை மேய்ப்போரின் தொழில்திறன்களே பின்னாளில் ரோடியோ என்னும் விளையாட்டாயின. முரட்டுக் குதிரையில் நிலைத்திருப்பது, ஓடும் கன்றைக் கயிறு வீசிப் பிடிப்பது போன்றவை அதில் அடங்கும். தொழில்முறை ரோடியோவில் பெண்களுக்கென்றே நிலைபெற்ற போட்டி பீப்பாய்ப் பந்தயம். 1948இல் டெக்ஸாஸின் சான் ஏஞ்சலோ நகரில் 38 பெண்கள் கூடி, தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1981இல் அது மகளிர் தொழில்முறை ரோடியோ சங்கம் என்று பெயர் மாறி இன்றும் இயங்கி வருகிறது.

பந்தய முறை எளியது. மண் பரப்பிய மைதானத்தில் மூன்று பெரிய இரும்புப் பீப்பாய்கள் முக்கோணமாக நிற்கும். முறையான அளவின்படி முதலிரு பீப்பாய்களுக்கு இடையே 90 அடி. அவ்விரண்டிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் பீப்பாய் 60 அடி. குதிரை பாய்ந்து வந்து ஒன்றை வலப்புறமாகச் சுற்ற வேண்டும். மற்ற இரண்டையும் இடப்புறமாகச் சுற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும். இதை இடவலம் மாற்றியும் செய்யலாம். குளம்படித் தடத்தை மேலிருந்து நோக்கினால் மூன்று இதழ் விரிந்த இலை போலத் தோன்றும். தேர்ந்தவர்களுக்கு இதற்குச் சுமார் 17 நொடிகள் போதும். மின்கண் கருவி நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடும். பீப்பாயைத் தொடலாம்; சாய்த்தால் ஒன்றுக்கு 5 நொடி தண்டம். நூறில் ஒரு பங்கில் வெற்றி முடிவாகும் இடத்தில் 5 நொடி என்பது தோல்வியேதான்.

இந்தப் பதினேழு நொடிக்குப் பின்னால் மாதக்கணக்கான பொறுமை இருக்கிறது. நல்ல பயிற்சியாளர்கள் குதிரையை எடுத்தவுடன் பாயவிடுவதில்லை. முதலில் அதே பாதையில் நடை, பிறகு மெல்லோட்டம்; வளைவு அதன் உடம்பில் ஊறிய பின்பே பாய்ச்சல். தினந்தோறும் முழு வேகத்தில் சுற்ற வைத்தால் குதிரை வெறுத்துப் போகும். அடியும் வலியும் கண்ட குதிரை மைதான வாசலிலேயே கால் ஊன்றி உள்ளே வர மறுக்கும். இதைப் படித்தபோது, மனனம் செய்ய வைக்கும் அவசரத்தில் பிள்ளைகளை வெருட்டுவோரை நினைத்துக் கொண்டேன். வாசலில் கால் ஊன்றும் பிள்ளைகளை மதரஸாவிலும் நாம் காண்கிறோம் அல்லவா?

மற்றொரு செய்தி என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. சவாரி செய்பவள் பீப்பாயையே பார்த்துக்கொண்டு சென்றால் குதிரை அதன் மேலேயே மோதும். பார்வை திரும்பினால் தோளும் இடுப்பும் திரும்பும். அந்தச் சிறு அசைவைக் குதிரை உணர்ந்து அத்திசையில் சாயும். ஆகவே இடையூற்றைப் பாராமல், அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தைப் பார் என்பதே அங்கு முதற்பாடம். வண்டி ஓட்டும்போது அத்தாவும், “பள்ளத்தைப் பார்க்காதே, பாதையைப் பார்” என்பார். அவர் ரோடியோவைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

குதிரைக்கும் சிறுமிக்கும் இடையே எத்தகைய உறவு மலரக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. நியூ மெக்சிகோ மாநிலத்தின் கிளேட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த சார்மெய்ன் ஜேம்ஸ், தம் 14ஆம் வயதில், 1984இல், உலகப் பட்டம் வென்றார். 1993 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் அப்பட்டம் அவரிடமே இருந்தது. 2002இல் பதினொன்றாம் முறையும் வென்றார். அவருடைய குதிரை ஸ்கேம்பர், பெரிய விலைக்கு வாங்கப்பட்டதன்று. 1985இல் லாஸ் வேகாஸில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில், ஓட்டத்தின் நடுவே ஸ்கேம்பரின் கடிவாளம் கழன்றுவிட்டது. ஆனால் குதிரை நிற்கவில்லை, திசை மாறவுமில்லை. எஞ்சிய பீப்பாய்களையும் முறையாகச் சுற்றி வந்து அந்தச் சுற்றில் வெற்றியும் பெற்றது. கடிவாளம் இல்லாதபோதும் நிலைத்து நிற்பதுதான் உண்மையான பயிற்சி. நம் பிள்ளைகள் நம் கண்ணுக்கு அப்பால் செல்லும் நாளில் தெரியவருவதும் அதுவே.

இனி நம் மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஃபத்வா வழங்கும் தகுதி எனக்கில்லை, அறிந்ததைச் சொல்கிறேன். குதிரைகளுக்கிடையே ஓட்டப் பந்தயம் நடத்தியவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு நெடுந்தொலைவும், பயிற்றுவிக்கப்படாதவற்றுக்குக் குறுந்தொலைவும் வகுத்தார்கள்; இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானாரே ஓடிப் போட்டியிட்டதும் ஹதீஸ்களில் உண்டு. எவராலும் முந்த முடியாதிருந்த பெருமானாரின் ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் வருந்தினார்கள். உலகில் உயரும் எதையும் தாழச் செய்வது இறைவனின் நியதி என்னும் கருத்தைச் சொல்லி அவர்களைத் தேற்றினார்கள் பெருமானார் (ஸல்). ஆகவே போட்டி ஆகாது என்பதற்கில்லை; தோல்வியை ஏற்கவும் அங்கே பாடம் இருக்கிறது.

எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொன்று. அங்கு நடைபெறும் பல சிறு பந்தயங்களில், கலந்துகொள்வோர் கட்டும் நுழைவுக் கட்டணத்தைத் திரட்டியே பரிசுப் பணமாகப் பகிர்கிறார்கள். பலர் பணம் வைக்க, சிலர் எடுத்துச் செல்வது சூதின் சாயலுடையது. குதிரைப் பந்தயத்தில் வெளியார் ஒருவர் பரிசளிப்பதில் தடையில்லை. போட்டியாளர்கள் அனைவரும் பணம் வைத்து வென்றவர் எடுத்துக்கொள்வதைத்தான் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். இதை மருமகனுக்கு விளக்கி எழுதினேன். பரிசு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, நாடாவோ வெள்ளிப் பூணிட்ட இடைவாரோ புரவலர்கள் வழங்கும் போட்டியில் மட்டும் சேர்க்குமாறு கூறினேன். உடையில் சிக்கல் இல்லை. அங்குப் பெண்கள் அணிவது நீண்ட கால்சட்டையும் முழுக்கைச் சட்டையுமே. பரம்பரைத் தொப்பிக்குப் பதிலாகத் தலைக்கவசம் கட்டாயம். அதன் உள்ளே முக்காட்டை அழகாக அணியலாம். குதிரையின் உடல்நலமும் குளம்பும் பார்த்த பின்பே மைதானம். சாட்டையை அவள் கையில் கொடுக்கவே வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்காவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. எங்கள் வீட்டில் மூத்தவர் அவர்; கடைக்குட்டி நான். நான் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒன்றை அத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்நாளில் வீட்டில் இருந்த சாம்பல் நிறக் குதிரை யாருக்கும் எளிதில் அடங்காது. அக்காவின் கைக்கு மட்டும் அடங்கும். லாடம் அடிக்கும்போது அதன் தலையைப் பிடித்துக்கொள்வது அவர்தான். பன்னிரண்டு வயதானதும் “இனி லாயத்துப் பக்கம் போக வேண்டாம்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, எவரும் விளக்கவுமில்லை. “பிறகு அந்தக் குதிரைக்கு லாடம் கட்ட மூன்று ஆள் தேவைப்பட்டது” என்பார் அத்தா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையா வருத்தமா என்று என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை.

தொலைபேசியில் மார்க்கச் சட்டம் முழுவதையும் கேட்டுக்கொண்ட அக்கா, நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்தக் குதிரைக்கு என்ன வயது, தம்பி?” என்று கேட்டார். பதினான்கு என்றேன். “அப்படியானால் பக்குவமானதுதான். முன்னங்கால் குளம்பை அவளே தூக்கிப் பார்க்கிறாளா?” என்றார். பார்க்கிறாள் என்றேன். “சரி, போகட்டும். விழுந்தால் மட்டும் என்னிடம் மறைக்கக் கூடாது” என்றார். எதிர்ப்பு அவ்வளவில் முடிந்தது.

பேத்தி ஓடினாள். முதற்போட்டியில் இரண்டாவது பீப்பாயைச் சாய்த்துவிட்டு 5 நொடி தண்டம் பெற்றாள். அடுத்ததில் மூன்றும் நின்றன. நேரமோ மிக அதிகம். ஆனாலும் நாடா ஒன்று கிடைத்தது. 1992இல் தொடங்கப்பட்ட தேசியப் பீப்பாய்க் குதிரைச் சங்கம் பரப்பிய ஒரு நன்முறை அங்கு உண்டு. மிக விரைவானவரின் நேரத்திலிருந்து அரை நொடி, ஒரு நொடி எனப் பின்தங்கியோரைத் தனித்தனிப் பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் முதல்வரைப் பாராட்டுகிறார்கள். மெதுவான குதிரைக்கும் ஊக்கம் உண்டு. நம் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் முதல் மூவருக்கு மட்டுமே பரிசளித்துப் பழகிய நாம், இதைக் கருத்தில் கொள்ளலாம்.

அக்காவுக்கு அந்த ஓட்டத்தின் காணொளியை அனுப்பினார்கள். அவர் பேத்தியைப் பார்த்ததைவிடக் குதிரையின் கால்களைப் பார்த்ததே அதிகமாம். வலப்பக்கம் திரும்பும்போது அது சற்றுத் தயங்குகிறது, லாடத்தைக் கவனியுங்கள் என்று சொல்லியனுப்பினார். லாடக்காரர் வந்து பார்த்தபோது வலது முன்னங்காலில் ஓர் ஆணி தளர்ந்திருந்தது.

வாசகர்களே! நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதெல்லாம் கொடுக்கத்தக்கவை அல்ல. ஆனால் மறுப்பதாயின் அறிந்து மறுப்போம். காரணத்தைச் சொல்லி மறுப்போம். அனுமதிப்பதாயின் எல்லையை வகுத்து அனுமதிப்போம். குறிப்பாகப் பெண்மக்களிடம் “வேண்டாம்” என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடிக்கும் முன், அவர்களுக்கு அருளப்பட்டிருக்கும் திறமை எதுவென்று ஒரு முறையேனும் நின்று பார்ப்போம். அத்திறமையைக் குறித்து நாமும் நாளை விசாரிக்கப்படுவோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை விழாமல் காப்பானாக. விழுந்தால் எழுந்து ஏறும் உறுதியையும் அருள்வானாக. ஆமீன்.