அப்பா அணைத்த பாட்டு

எங்கள் வீட்டில் ஒரு பாட்டுக்குத் தடை இருந்தது. 1968-ல் வந்த 'பணமா பாசமா' படத்தில், விஜய நிர்மலா பழம் விற்றுக்கொண்டே ஆடுவாரே... அந்த 'எலந்தப் பழம்'தான். கண்ணதாசன் எழுதி, கே.வி.மகாதேவன் இசையில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது. பழம் விற்கிற பாட்டுதான். ஆனால், அந்தக் குரல் இழுக்கிற இழுப்பிலும் கொஞ்சுகிற கொஞ்சலிலும் பழத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். ரேடியோவில் ஆரம்பித்ததுமே அப்பா எழுந்துபோய் அணைத்துவிடுவார்.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலைக்குப் போனார். அங்கே பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பாட்டுதானாம். ஒருநாள் அடுப்படியில் தன்னை மறந்து முணுமுணுத்துவிட்டார்.

"குடும்பப் பொம்பளை பாடுற பாட்டா இது?" என்று அப்பா கத்தினார். அதோடு அம்மா பாடுவதையே விட்டுவிட்டார். எந்தப் பாட்டையும்.

சில வருடங்கள் கழித்து மாரியம்மன் நோம்பி. குழாய் ஸ்பீக்கரில் 'கற்பூர நாயகியே' ஒலித்தது. அப்பா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். "என்ன குரல்! ஆத்தாளே எறங்கி வந்த மாதிரி இருக்குது" என்றார்.

அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க, எலந்தப் பழம் பாடினதும் இந்தம்மாதானுங்க. நம்ம கல்யாணத்துல மைக் செட்டுல போட்டாங்களே, 'பாசமலர்' படத்து 'வாராய் என் தோழி', அதுவும் இவங்கதான்."

அப்பா பதில் பேசவில்லை. அடுத்த முறை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தபோது எழுந்தார். அணைக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அடுப்படியிலிருந்து அம்மாவின் முணுமுணுப்பு கேட்டது.

2011-ல், நான் வேலை பார்த்த கம்பெனியின் பவர் டேபிள் செக்‌ஷனில் எஃப்.எம்-மில் 'ஒஸ்தி' படத்தின் 'கலாசலா' ஓடியது. பையன்கள் சவுண்டைக் கூட்டினார்கள். "பாடுற அம்மாவுக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு தம்பி" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன்.

"ஈஸ்வரியம்மா இன்னும் பாடுறாங்களா கண்ணு?" என்றவர், ஒரு நொடி நிறுத்திவிட்டு, தானும் பாட ஆரம்பித்தார். 'கலாசலா' இல்லை. 'எலந்தப் பழம்'.

உங்கள் வீட்டிலும் அம்மா பாதியில் நிறுத்திய பாட்டு ஒன்று இருக்கலாம். இன்றைக்கே கேட்டுப் பாருங்களேன்.