வேலூருக்குப் போக காட்பாடி

புனேயில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினான். "மாமா, திருவண்ணாமலைக்கு நேரா வண்டி எதுவும் சரிப்பட்டு வரல. வேலூர் வந்து மாறிக்கலாம்னு பாத்தா மூணு ஸ்டேஷன் இருக்கு. காட்பாடி, வேலூர் கன்டோன்மென்ட், வேலூர் டவுன். எதுல இறங்கணும்?"

"காட்பாடியில இறங்குடா" என்றேன், யோசிக்காமல்.

"அதுல வேலூர்னு பேரே இல்லையே மாமா. பேர் இருக்கிற ரெண்டையும் விட்டுட்டு, இல்லாததுல ஏன் இறங்கணும்?"

அவன் மனைவிக்கு ஆரணிப் பட்டு எடுக்க வேண்டுமாம், வழியில் முடியுமா என்று அடுத்த கேள்வி. அதற்கு ஏதோ சொல்லிவிட்டு போனை வைத்தேன். முதல் கேள்வி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் கேள்வியே இல்லை. பெங்களூரு, கோயம்புத்தூர், டில்லி, கல்கத்தா, எங்கே போவதானாலும் "காட்பாடி போய்ப் புடிச்சுக்க" என்போம். திருச்சி, மதுரை என்றால் "விழுப்புரம் போயிடு". சென்னைக்கு ரயிலில் போகும் நினைப்பே பல காலம் கிடையாது. செஞ்சி, திண்டிவனம் வழியாக பஸ்தான். 2024-இல் சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்த மெமு வண்டியைத் திருவண்ணாமலைக்கு நீட்டினார்கள். அதுவும் அரக்கோணம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு, சாயங்காலம் கிளம்பி நடுராத்திரிக்குத்தான் வந்து சேருகிறது. ஊரில் ஸ்டேஷன் இல்லாமல் இல்லை. கோயிலுக்குக் கிழக்கே, ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆனால் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடும் ஸ்டேஷன் ஒரு பக்கம் 68 கிலோமீட்டரிலும் இன்னொரு பக்கம் 90 கிலோமீட்டருக்கு மேலும் இருக்கிறது.

தேடத் தொடங்கியது வீட்டு அலமாரியில். திருவண்ணாமலையில் அனேகமாக எல்லார் வீட்டிலும் ரமணரின் வரலாறு ஒரு பிரதி இருக்கும். நானும் பலமுறை படித்திருக்கிறேன், பக்தியோடு. இந்தத் தடவை அதை ரயில்வே கால அட்டவணை படிப்பதுபோலப் படித்தேன்.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயது வேங்கடராமன், பின்னாளில் ரமணர் ஆனவர், அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். திருவண்ணாமலைக்கு எப்படிப் போவது என்று வீட்டிலிருந்த அட்லஸைப் பார்க்கிறார். பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று தெரிகிறது. 2 ரூபாய் 13 அணா கொடுத்து திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுக்கிறார். வண்டியில் ஒரு மௌல்வி பேச்சுக் கொடுக்கிறார். திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் இறங்கி மாறு என்று சொன்னவர் அவர்தான்.

அட்லஸ் பழையது. அதை அச்சடித்த காலத்தில் எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, பாகாலா வழியாக தர்மாவரம் பக்கம் மீட்டர் கேஜ் பாதை போட்டு, எங்கள் பகுதியில் வண்டி விட்டது 1891-இல். வேங்கடராமன் கிளம்பியபோது அந்தத் தண்டவாளத்துக்கு ஐந்து வயது. விழுப்புரத்தில் இறங்கியவர், கையிலிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் எடுக்க முடிந்தது, அப்புறம் நடை. அறையணிநல்லூர், கீழூர் என்று போய், கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி, திருக்கோவிலூர் ஸ்டேஷனில் படுத்திருந்து, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை வந்து இறங்கினார். அந்த மௌல்வி மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், திண்டிவனத்தில் இறங்கி செஞ்சி வழியாக நடந்துதான் வந்திருப்பார். இன்றைக்கு எங்கள் பஸ் போகும் அதே வழி.

சரி, எனக்கு வேண்டிய நூல் நுனி கிடைத்துவிட்டது. வேலூர் ஊருக்குள் போகும் பாதை 1891-இல் வந்தது. அப்படியானால் காட்பாடி?

மறுவாரம் காலை வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், ஜன்னலோரம். துரிஞ்சாபுரம் தாண்டும்வரை மலை கூடவே வரும். போளூருக்குப் பிறகு ஆரணி ரோடு. இந்த ஸ்டேஷனை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், பெயர்ப்பலகையை யோசித்ததே இல்லை. ஸ்டேஷன் இருக்கும் ஊர் களம்பூர். அரிசி மில்லுக்குப் பேர்போன ஊர். ஆரணி அங்கிருந்து பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் கிழக்கே. பலகையில் களம்பூர் பெயர் இல்லை, ஆரணி பெயர் இருக்கிறது, ஒட்டாக ஒரு 'ரோடு'. ரயில்வே பாஷையில் 'ரோடு' என்றால், நீ கேட்ட ஊர் இது இல்லை, இங்கே இறங்கினால் அந்த ஊருக்கு ரோடு உண்டு என்று அர்த்தம். கொடைக்கானல் ரோடு என்று நம்பி அம்மையநாயக்கனூரில் இறங்கி, குளிருக்குப் போர்த்திக்கொள்ள சால்வை தேடியவர்களுக்கு இது தெரியும். மலைமேல் ஏற இன்னும் 80 கிலோமீட்டர்.

கண்ணமங்கலம் தாண்டி வேலூர் கன்டோன்மென்ட் வந்தது. பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். அடுத்து டவுன் ஸ்டேஷன், அங்கே அதைவிடக் குறைவு. பிறகு வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வது; அகல அகலமாக மணல், நடுவில் முள்காடு. அக்கரை போனதும் காட்பாடி. மொத்தப் பெட்டியும் அங்கே காலியானது. பிளாட்பாரத்தில் வங்காளி, அசாமி, இந்தி எல்லாம் காதில் விழுந்தது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கையில் எக்ஸ்ரே உறையோடு, ஆட்டோக்காரரிடம் "வேலூர், வேலூர்" என்றார்கள். வேலூர் கன்டோன்மென்டிலோ அந்த நேரம் பிளாட்பாரத்தில் நாய் படுத்திருக்கும்.

டீ வாங்கிக்கொண்டே கடைக்காரரிடம் கேட்டேன். ஊர் அந்தப் பக்கம் இருக்க, பெரிய ஸ்டேஷனை ஏன் இந்தப் பக்கம் கட்டினார்கள்?

"அது இன்னா சார், தெரியாதா? கோட்டையில சிப்பாய்ங்க கலகம் பண்ணாங்க இல்ல, அந்தக் கோவம். வேலூருக்கு ரயிலே வுடக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சிட்டான்."

கதை நன்றாக இருந்தது. இன்னொரு டீ குடிக்கலாம்போல இருந்தது. ஆனால் கணக்கு இடித்தது. வேலூர்க் கலகம் 1806 ஜூலை 10. தெற்கே முதல் ரயில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது 1856 ஜூலை 1. ஐம்பது வருஷக் கோபமா? அதோடு, கலகம் நடந்த இடத்துக்குப் பட்டாளத்தை வேகமாகக் கொண்டு போகத்தானே ரயில் வேண்டும் என்று அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வாதாடினார். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை போட்டபோது 1864-இல் அது போய் நின்றதே கன்டோன்மென்டில்தான். கோட்டை இருக்கிற ஊரைக் கண்டு ரயில் விலகி ஓடவில்லை, தேடிக்கொண்டு போயிற்று.

இப்படிக் கதை கட்டுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஸ்டேஷன் 1845-இல் ஊருக்குத் தெற்கே ஒதுங்கிக் கட்டப்பட்டது. மாணவர்கள் லண்டனுக்கு ஓடிவிடாமல் இருக்கப் பல்கலைக்கழகம்தான் தள்ளி வைத்தது என்று அங்கே சொல்வார்கள். ஸ்டேஷனுக்குள் வந்து மாணவர்களைப் பிடித்து விசாரிக்கப் பல்கலைக்கழக அதிகாரிகளுக்குச் சட்டமே உரிமை கொடுத்திருந்தது, அதனால் கதைக்குக் கொஞ்சம் ஆதாரமும் உண்டு. நம் டீக்கடைக்காரருக்கு அந்த ஆதாரமும் இல்லை.

பதில் கடைசியில் வரைபடத்தில் இருந்தது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்டது வேலூருக்கான பாதை இல்லை. கிழக்குக் கரையில் சென்னை, மேற்குக் கரையில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்து பேப்பூர், இரண்டையும் இணைப்பதுதான் திட்டம். 1862-இல் இணைத்தும் விட்டார்கள். அரக்கோணம் தாண்டி மேற்கே வரும் அந்தப் பாதை வாலாஜா ரோடு, திருவலம், காட்பாடி, லத்தேரி, குடியாத்தம் என்று பாலாற்றின் வடகரையைப் பிடித்துக்கொண்டே போகிறது. ஆம்பூரை நெருங்கும்போதுதான் ஆற்றைக் கடக்கிறது, ஒரே தடவை, மேலே ஆறு குறுகிய இடத்தில். வேலூர் தென்கரையில் இருந்தது அந்த ஊரின் விதி. அதற்காக அகலமான மணல் ஆற்றில் பாலம் போட எந்தக் கம்பெனி காசு இறைக்கும்? ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பாலாற்றைப் பார்த்த எனக்கு இதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில் ஸ்டேஷன் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கிராமம் காட்பாடி.

முப்பது வருஷம் கழித்து இன்னொரு கம்பெனி, இன்னொரு அளவில் வேலூருக்குள் வந்தது. முதல் பாதை ஐந்தரை அடி அகலம், இரண்டாவது ஒரு மீட்டர். வண்டி மாறாமல் போக முடியாது. மூட்டையும் மனுஷனும் காட்பாடியில் இறங்கி ஏற வேண்டும். ஊருக்குள் போன பாதை சின்னப் பாதையாகவே நின்றுவிட, ஊரை விட்டு ஒதுங்கிய ஸ்டேஷன் ஜங்ஷன் ஆகிப் பெருத்தது. எங்கள் பாதையைப் பெயர்த்து அகலப்பாதையாக்கி முடிக்க 2010 ஆகிவிட்டது. நடுவில் சில வருஷங்கள் எங்களுக்கு ரயிலே இல்லை. அதற்குள் நீண்ட தூர வண்டிகளுக்கெல்லாம் காட்பாடி பழகிப்போயிற்று. இப்போது காட்பாடி வேலூர் மாநகராட்சிக்குள் ஒரு பகுதி. ஸ்டேஷன் ஊருக்கு வரவில்லை, ஊர் ஆற்றைத் தாண்டி ஸ்டேஷனிடம் போய்விட்டது.

இதைப் பிடித்துக்கொண்டதும் மற்ற ஊர்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சேலத்தில் அதே மெட்ராஸ் கம்பெனிப் பாதை, அதே கதை: ஜங்ஷன் சூரமங்கலத்தில் ஒதுங்கி நிற்கிறது, ஊருக்கு நெருங்கிய டவுன் ஸ்டேஷன் விருத்தாசலம் போகும் கிளைப் பாதையில். கடலூரில் தலைகீழ். ஜங்ஷன் பழைய பட்டினத்தில், துறைமுகத்தின் பக்கம். ஆனால் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருக்கும் திருப்பாதிரிப்புலியூரில்தான் ஜனம் ஏறி இறங்குகிறது. கோயம்புத்தூர்தான் கெட்டிக்கார ஊர். பேப்பூர்ப் பாதை அதையும் விட்டுவிட்டுப் போத்தனூர் வழியாகத்தான் போயிற்று. ஊருக்கு 1873-இல் கிடைத்தது மேட்டுப்பாளையம் போகும் கிளை. பிற்பாடு இருகூரிலிருந்து ஊருக்குள் இன்னொரு தடம் போட்டு, பெரிய வண்டிகளைத் தன் வாசலுக்கே திருப்பிக்கொண்டது. மில்லும் மார்க்கெட்டும் இருந்தால் தண்டவாளம் வளையும் போலிருக்கிறது. வேலூருக்கு ஆறு இருந்தது, மில் இல்லை.

திருவண்ணாமலையில் மில்லும் இல்லை, ஆனால் மலை இருக்கிறது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. கார்த்திகை தீபத்துக்குச் சிறப்பு ரயில் விடுகிறார்கள், ஜனம் படியில் தொங்கிக்கொண்டு வருகிறது. சென்னைக்கு நேர்வழி வேண்டும் என்று திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதுப் பாதைக்கு 2006-07-இல் ஒப்புதல் கொடுத்தார்கள். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கொஞ்சம் மண் போட்டார்கள், பாலத்துக்குத் தூண் எழுப்பினார்கள், அப்படியே நிற்கிறது. அந்தப் பாதை மட்டும் முடிந்திருந்தால், மதுரையில் அந்தப் பையன் பார்த்த பழைய அட்லஸ் ஒருவழியாகச் சரியாகியிருக்கும்: திருவண்ணாமலைக்கு திண்டிவனம்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா மகனுக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டான். "சரி மாமா, காட்பாடி. அங்கேர்ந்து பாசஞ்சர்ல உங்க ஊரு. புரிஞ்சுது" என்றான்.

சித்திரையில் இருவரும் வந்தார்கள். காட்பாடியில் சரியாக இறங்கி, சரியான வண்டியும் பிடித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து போன்.

"மாமா, பட்டு எடுத்துட்டு அடுத்த வண்டியில வரோம். ஆரணியில இறங்கிட்டோம். ஆனா ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா புடவைக் கடை ஒண்ணும் காணோமே. ஒரே அரிசி மில்லா இருக்கு."