யாத்திரைக்கு மட்டும்தானா வழி?



கோடை விடுமுறையில் நான் படித்த நூல்களுள் இன்னும் மனத்தை விட்டு நீங்காதது ஒரு பயண நூல். 1927-ஆம் ஆண்டு வெளிவந்த அதனை எழுதியவர் அலெக்சாந்த்ரா தாவீத் நேல் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. 1911 நவம்பரில் அவர் நம் புதுச்சேரிக்கும் வந்து ஸ்ரீ அரவிந்தரைச் சந்தித்தார்.

அந்நாளில் திபெத்தின் தலைநகரான லாசாவிற்குள் வெளிநாட்டவர் நுழையக்கூடாது. நான்கு முறை முயன்றும் முடியாத அவர், 1923 அக்டோபரில் சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து ஐந்தாம் முறையாகக் கால்நடையாகப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 55! கூந்தலில் கறுப்பு மையும் முகத்தில் கரித்தூளும் பூசி, பிச்சைக்காரி போல வேடமிட்டார். பனி மூடிய கணவாய்களைக் கடந்தார். உணவு தீர்ந்த வேளையில் செருப்புத் தைக்க வைத்திருந்த தோலை வேகவைத்துக் குடித்தார். 1924-இல் லாசாவை அடைந்தார்.

ஆயினும் அவர் தனியே செல்லவில்லை. யோங்டென் என்னும் இளம் லாமா உடன் நடந்தார். மகனோடு யாத்திரை போகும் ஏழைத் தாயை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதே அவர்கள் கணக்கு.

இவ்விடத்தில் என் ஆயாவை நினைத்துக்கொண்டேன். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திற்காகப் பாகூரிலிருந்து கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக வேளாங்கண்ணிக்கு அவர் நடந்தே போவார். காவிச்சேலை கட்டி நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டால், எவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. வழியெங்கும் மோர் கொடுக்கிறார்கள். நானோ பதினோராம் வகுப்பில் அறிவியல் படிக்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டும் என்றால், "பஸ்ஸில் தனியாகவா?" என்கிறார் அப்பா.

அப்பாவின் அச்சம் பொய்யன்று. மாலைப் பேருந்தை விட்டு இறங்கினால் எங்கள் தெருவரை விளக்கில்லை. ஆனால் அச்சத்திற்கு மருந்து வழியை அடைப்பதா, விளக்குப் போடுவதா? யாத்திரை போகும் பெண்ணுக்குக் கிடைக்கும் மரியாதை, படிக்கப் போகும் பெண்ணுக்கும் ஏன் கிடைக்கக்கூடாது?

எங்கள் தெருவில் என்னோடு படிப்பவர் இன்னும் இருவர். மூவரும் ஒரே பேருந்தில் போய் வருவதாக வீட்டில் கேட்கப் போகிறோம். விளக்குக்காகக் கொம்யூன் பஞ்சாயத்திற்கு மனுவும் எழுதிவிட்டோம். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான்!