17 சென்டிமீட்டர்

நாகசாகியில் பனி பெய்யாது என்று சொல்லித்தான் அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு விமானம் ஏறினேன். முழுப் பொய் இல்லை. தென்ஜப்பான். குளிர்காலத்தில் ஓரிரு நாள் மாவு சலித்த மாதிரி தூவும், மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். பனி என்றாலே தலையில் துண்டு கட்டச் சொல்லும் பாட்டியிடம் வளர்ந்த எனக்கு அதுவே அதிகம்.

2016 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சத்தமே இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்மலையில் அடுக்கடுக்காக இருக்கும் வீடுகள் எல்லாம் ஒரே வெள்ளை. அன்று நாகசாகியில் 17 சென்டிமீட்டர் பனி. 1906இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெய்ததில்லை. இன்னும் தெற்கே, அமாமி தீவில், 115 வருடம் கழித்துப் பனி விழுந்தது என்று டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் செருப்போடு வெளியே ஓடி, ஒரு பிடி அள்ளித் தின்று பார்த்தேன். ஐஸ் கச்சாங்கில் சிரப் ஊற்ற மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை மாணவர்களுக்கு விடுமுறை. ஆசிரியர்களுக்கு இல்லை. பேருந்து மேட்டில் ஏறாததால் ஐம்பது நிமிடம் நடந்தே பள்ளிக்குப் போனேன். நாகசாகி மலைச்சரிவில் கட்டிய ஊர். பல வீடுகளுக்குக் கார் போகாது, படிக்கட்டுதான். துணை முதல்வர் குப்பை அள்ளும் முறத்தால் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பனி வாருகிற மண்வெட்டியை இந்த ஊரில் யார் வாங்கி வைத்திருக்கப் போகிறார்கள்? வந்திருந்த ஐந்து பேரும் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்தோம். மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் குழாயைத் திறந்தேன். ஒரு பெருமூச்சு வந்தது. தண்ணீர் வரவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சும்மா புலம்பினேன். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "பைப்பு வெளிய ஓடுதா, சுவத்துக்குள்ளயான்னு கேளு."

அப்பா முப்பது வருடம் வீவக புளோக்குகளில் குழாய் வேலை பார்த்தவர். நான் நன்யாங்கில் சிவில் படித்து முடித்து வேலையில் சேர்ந்ததும் காப்பிக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒரே வருடத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, ஜப்பான் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறேன் என்றேன். "ஏபிசிடி சொல்லித்தரவா உன்னைப் படிக்க வச்சேன்?" அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது. ஒன்றரை வருடமாக அம்மாவின் போனில் பின்னணிக் குரல் மட்டும்தான். சாப்பிட்டானா கேளு. காசு வேணுமா கேளு.

"வெளியதான். பிவிசி," என்றேன்.

போன் கை மாறியது.

"கொதிதண்ணி கிண்ணி ஊத்திராத. பைப்பு இளகிரும்."

அவர் வாழ்நாளில் உறைந்த குழாயைப் பார்த்ததில்லை. தண்ணீர் ஐஸ் ஆனால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்று நான் பாடம் எடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்படின்னா ஐஸுக்கும் மூடின குழாய்க்கும் நடுவுல தண்ணி மாட்டிக்கும். நெருக்கும். பைப்பு ஏற்கெனவே பிளந்திருக்கும்டா. இப்ப ஐஸே அடைப்பா நிக்குது, அதான் தெரியல. உருகுனா ஊத்தும். மெயின் வால்வ மூடு, போ."

நான்கு வருடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

வால்வு, வாசலில் தரையோடு பதித்த ஒரு நீல மூடிக்குக் கீழே இருந்தது. அதன்மேல் பனி. வாணலியால் தோண்டினேன். மூடி முடித்தபோது விரல்களில் உணர்வு இல்லை. "கீழ்வீட்டுல யாரு இருக்கா?" என்றார் அப்பா. எண்பது தாண்டிய ஒரு பாட்டி, தனியாக. "அதையும் மூடிட்டு வா." பாட்டிக்கு என் ஜப்பானிய மொழி புரிந்ததோ, வாணலியோடு நிற்கும் கறுப்புப் பையனைப் பார்த்துப் பயந்தாரோ, சரி சரி என்று தலையாட்டினார்.

பனி உருகியதும் ஊர் முழுக்கக் குழாய்கள் ஊற்றத் தொடங்கின. தொட்டிகளில் மட்டம் இறங்கிப் பல இடங்களில் தண்ணீர் நின்றது. எங்கள் குழாயில் முழங்கை வளைவுக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு. பாட்டி வீட்டுக் குழாய் தப்பித்திருந்தது. இரண்டு நாள் பிளாஸ்டிக் கேன்களில் படியேறித் தண்ணீர் சுமந்தேன். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், கேட்காமலே ஒரு கேனை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினான். மேலே வந்ததும் "ஹெவி" என்றான். அந்த வருடம் அவன் என்னிடம் பேசிய முதல் ஆங்கிலச் சொல்.

பிளவைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. காப்பிக்கடையில் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று அம்மா சொன்னாள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பாரம் அந்த வாரம் முழுக்க மேசையில்தான் கிடந்தது. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அப்பாவே போன் செய்தார்.

"பசியாறிட்டியா?"

"ஆச்சுப்பா."

"இன்னும் ஒரு வருஷம் இருக்கப் போறியாமே?"

"யோசிக்கிறேன்."

"புது பைப்பு மாட்டிட்டானா?"

"நேத்துதான்."

"அதுக்குப் பஞ்சு சுத்து. அடுத்த குளிருக்கு முன்னாடி சுத்திரு. வளைவுல ரெண்டு சுத்து."